கல் போடும் இயந்திரமும் அதை இயக்குபவரும்: கான்கிரீட் பிளாக் ஆபரேட்டர் தொழிலின் இன்றும் நாளையும்

சிமென்ட், சிப்ஸ் ஜல்லி, எம்-சாண்ட், தண்ணீர் நான்கையும் ஈரம் குறைந்த கலவையாக்கி, இரும்பு அச்சில் நிரப்பி, அதிர வைத்து அழுத்தி, அளவும் வலுவும் மாறாத கற்களாக நாள் முழுதும் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் கான்கிரீட் பிளாக் இயந்திர ஆபரேட்டரின் வேலை. சுவருக்கு வைக்கும் ஹாலோ பிளாக், சாலிட் பிளாக், தெருவில் பதிக்கும் பேவர் பிளாக், அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் கல் ஆகியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட இயந்திரங்களிலிருந்தே வருகின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு தொழில் வகைப்பாட்டில் இவ்வேலைக்கு உரிய எண் 8114. சிமென்ட், கல், பிற கனிமப் பொருள் இயந்திரங்களை இயக்குவோர் அனைவரும் அதில் அடங்குவர். தமிழ்நாட்டில் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகையும், அதன் முன்னே வரிசையாக அடுக்கிய சாம்பல் நிறக் கற்களும் இத்தொழிலின் அடையாளம். பல இடங்களில் ஒரு கலவை இயந்திரம், ஒரு கல் போடும் இயந்திரம், சில ஆட்கள் என்பதோடு பட்டறை முடிந்துவிடும்.

ஹாலோ பிளாக் வார்க்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் 1900-இல் காப்புரிமை பெற்றார். தொடக்க கால இயந்திரங்களில் கலவையைக் கையால் இடித்து நிரப்பினார்கள். இடிப்பவரின் தோள் வலுவைப் பொறுத்தே கல்லின் வலு அமைந்தது. 1904-இல் மிச்சிகன் மாநிலத்து அல்பீனாவில் தோன்றிய பெஸ்ஸர் போன்ற நிறுவனங்கள் பின்னர் மின்மோட்டாரையும் அதிர்வையும் இத்தொழிலுக்குள் கொண்டுவந்தன. அதிர்வு வந்ததும் ஈரம் குறைந்த கலவையையும் இறுக்கமாக அடைக்க முடிந்தது. அச்சைத் தூக்கிய அந்த நொடியிலேயே கல் தன் காலில் நின்றது. இன்றைக்கும் தொழில்நுட்பத்தின் அடிப்படை அதுதான். பிறகு வந்த ஹைட்ராலிக் அழுத்தமும் கணினிக் கட்டுப்பாடும் அதன் வேகத்தையும் சீரையும் கூட்டின.

தமிழ்நாட்டில் இப்போது மூன்று தலைமுறை இயந்திரங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. முதலாவது, சக்கரத்தில் நகர்ந்தபடி சிமென்ட் தரைமேலேயே கற்களை இட்டுச் செல்லும் எக் லேயர். விலை குறைவு, பலகை தேவையில்லை. ஆனால் கற்கள் காய்வதற்குப் பரந்த தளம் வேண்டும், மழை வந்தால் வேலை நின்றுவிடும். இரண்டாவது, ஓரிடத்தில் நின்று பலகைமேல் கல் போடும் ஹைட்ராலிக் இயந்திரம். நெம்புகோல்களைத் தள்ளியோ பொத்தான்களை அழுத்தியோ ஆபரேட்டர் ஒவ்வொரு சுற்றையும் நடத்துகிறார். பலகையைத் தள்ளுவண்டியில் எடுத்துப்போக ஆள் இருக்கும். மூன்றாவது, எடை போட்டுப் பொருள் தரும் பேட்சிங் அமைப்பு, பி.எல்.சி. எனும் கணினிக் கட்டுப்பாடு, பலகைகளைத் தானே அடுக்கும் ஸ்டாக்கர் எல்லாம் சேர்ந்த முழுத் தானியங்கி ஆலை. இவற்றில் இரண்டாவது வகையைக் கோயம்புத்தூர் பட்டறைகள் பெருமளவில் செய்கின்றன. உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் பக்கத்திலேயே கிடைப்பதால் கொங்குப் பகுதியில் இத்தொழில் வேர்பிடித்ததில் வியப்பில்லை. பேவர் பிளாக்கில் மட்டும் இன்னொரு வழி உண்டு: தண்ணீர் சற்றுக் கூடிய கலவையை ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மோல்டில் ஊற்றி, அதிர்வு மேசைமேல் வைத்து, மறுநாள் கழற்றுவது. பளபளப்பான மேல்முகம் அப்படித்தான் கிடைக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆபரேட்டரின் வேலை பொத்தான் அழுத்துவதாகத் தெரியும். உண்மையில் அவர் நாள் முழுதும் கவனித்துக்கொண்டிருப்பது ஈரத்தை. பிளாக் கலவையில் தண்ணீர் ஒரு நூலிழை கூடினால், அச்சு மேலே ஏறும்போது கல் வயிறு தள்ளும், அல்லது அச்சோடு ஒட்டிக்கொண்டு வரும். குறைந்தால் விளிம்பு உதிரும், ஹாலோ பிளாக்கின் மெல்லிய குறுக்குச் சுவரில் முடிபோல விரிசல் ஓடும். அந்த விரிசல் பலகையில் தெரியாமல் கட்டடத்தில்தான் தெரியவரும். அனுபவமுள்ளவர் பேன் மிக்சரிலிருந்து ஒரு பிடி கலவையை எடுத்து இறுக்கிப் பார்க்கிறார். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரத் தடம் மட்டும் தெரிய வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. கல்லின் பக்கச் சுவரில் மெல்லிய நீர்க்கோடுகள் படிவது ஈரம் சரியாக இருப்பதற்கு இன்னொரு அறிகுறி. இந்த அளவு ஒரு நாளுக்குள்ளேயே பலமுறை மாறும். இரவு பெய்த மழையில் நனைந்த எம்-சாண்ட் குவியலின் அடிப்பகுதி ஒரு மாதிரி, மேற்பகுதி ஒரு மாதிரி. மதிய வெயிலில் கலவை வாளியில் காத்திருக்கும் நேரத்துக்குள்ளேயே காய்கிறது. கிரஷரிலிருந்து வரும் எம்-சாண்டில் தூள் கூடினால் அது தண்ணீரை அதிகம் குடிக்கும். இந்த மாற்றங்களை எந்த அட்டவணையும் முன்கூட்டிச் சொல்லாது. இத்தொழிலின் திறமை என்று எதையாவது சொல்வதானால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஈரத்துக்கு அடுத்தது நேரம். கலவை அச்சுக்குள் இறங்கும் நொடிகள், அதிர்வு ஓடும் நொடிகள், மேலிருந்து டேம்பர் எனும் தகடு அழுத்தும் நொடிகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு சுற்று. அதிர்வு மோட்டாரின் அச்சில் மையம் விலகிய எடைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறையோ அதற்கு மேலோ சுழன்று கலவையை நடுக்குகின்றன. வி-பெல்ட் தளர்ந்தால் அதிர்வு குறையும். கல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், எடை மட்டும் குறைந்திருக்கும். அதனால்தான் விவரமுள்ள ஆபரேட்டர் அவ்வப்போது ஒரு பச்சைக் கல்லைத் தராசில் வைக்கிறார். கணக்கு எளிது: 400 × 200 × 150 மி.மீ. அளவுள்ள ஆறு அங்குல சாலிட் பிளாக்கின் கன அளவு 0.012 கன மீட்டர். கான்கிரீட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,100 கிலோ என்றால் கல் சுமார் 25 கிலோ இருக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் உள்ளே வெற்றிடம் கூடியிருக்கிறது என்று பொருள். அச்சின் தேய்மானமும் இதே கவனத்தைக் கேட்கிறது. எம்-சாண்டின் கூர்மையான துகள்கள் அச்சுத் தகட்டை நாளடைவில் அரிக்கும். கல் மெல்ல மெல்லத் தடிக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2185 நீளத்தில் 5 மி.மீ., உயரத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. வரையே கூடுதல் குறைவை ஏற்கிறது. அதைத் தாண்டிய கல்லை வைத்துக் கட்டும் கொத்தனார் பூச்சில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்தச் சிமென்ட்டின் விலை வீட்டுக்காரர் தலையில் விழும்.

கல் போட்ட பிறகும் வேலை முடிவதில்லை. முதல் நாள் நிழலில் அசையாமல் கிடந்து, மறுநாள் பலகையிலிருந்து இறங்கி, பிறகு தொடர்ந்து நனைந்துகொண்டே இருந்தால்தான் சிமென்ட் முழுதாக இறுகும். குறைந்தது 14 நாள் கியூரிங், அதன்பின் நான்கு வாரம் உலர்தல் என்கிறது தரநிலை. நடைமுறையில், தேவை கூடும் மாதங்களில், ஒரு வாரக் கல்லே லாரி ஏறுகிறது. ஈரத்தோடு சுவரேறிய கல் பின்னர் சுருங்கும்போது பூச்சில் வெடிப்பு விழுகிறது. அந்தக் குறை கொத்தனார் பெயரில் எழுதப்படுகிறது. கியூரிங் குறைவதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு ஒரு காரணம், இடநெருக்கடி இன்னொரு காரணம், அவசரம் எல்லாவற்றுக்கும் மேலான காரணம். சாக்குப் போர்த்தி நனைத்தாலும் தெளிப்பான் அமைத்தாலும் தண்ணீர் பெருமளவு மிச்சமாகும். இந்தச் சிறிய செலவைப் பல பட்டறைகள் செய்யாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

ஐ.எஸ். 2185-இன் முதல் பகுதி, 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில், பாரம் தாங்கும் ஹாலோ பிளாக்கை ஏ வகை என்றும் சாலிட் பிளாக்கை சி வகை என்றும் பிரிக்கிறது. சாலிட் பிளாக் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 4 அல்லது 5 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். எந்தக் கல்லும் தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 உண்டு, மக்கள் நடக்கும் இடத்துக்கு எம் 30 வலுத் தரம், கனரக வண்டி ஓடும் இடத்துக்கு எம் 50-ம் அதற்கு மேலும். அரசு ஒப்பந்தங்களும் பெரிய கட்டுமான நிறுவனங்களும் சோதனைச் சான்று கேட்கின்றன. தனி வீடு கட்டுபவரோ கல்லின் விலையைக் கேட்கிறார், இரண்டு கல்லை மோதித் தட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான். வாங்குபவர் சான்று கேட்காத சந்தையில் சிமென்ட்டைக் குறைப்பவரே விலையைக் குறைத்து விற்க முடிகிறது. ஆபரேட்டரின் திறமைக்குச் சரியான விலை கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

கூலி முறையும் அதே திசையில் இழுக்கிறது. மாதச் சம்பளம் உண்டு என்றாலும், ஒரு குழுவுக்குக் கல் எண்ணிக்கைப்படி கூலி பேசுவது பரவலான வழக்கம். இருபது நொடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு நான்கு கல் என்று ஓடும் இயந்திரம், நிற்காமல் ஓடினால் மணிக்கு 720 கல் போடும். பலகை மாற்றம், கலவைக்குக் காத்திருப்பு, மின்தடை எல்லாம் அந்த எண்ணிக்கையைத் தின்கின்றன. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அதிர்வு நேரத்தில் இரண்டு நொடி குறைப்பது எல்லாருக்கும் லாபம். கல்லுக்கு மட்டும் நட்டம். குழுவில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். பலர் தள்ளுவண்டி இழுப்பதில் தொடங்கி, மிக்சருக்கு வந்து, பார்த்துப் பழகி ஆபரேட்டர் ஆனவர்கள். அவர்கள் கற்ற தொழிலுக்குத் தாள் சான்று எதுவும் இருப்பதில்லை. பட்டறை மாறினால் மறுபடி கூலிப் பேச்சு கீழிருந்தே தொடங்குகிறது.

உடல்நலம்தான் இத்தொழிலில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. அதிர்வு ஓடும்போது பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகளில் வழங்கும் வரம்பு. காதடைப்பான் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்றால் உயர்ந்த சுருதி ஒலிகளில் தொடங்கிக் கேட்கும் திறன் திரும்பாமலே போய்விடும். எம்-சாண்டும் கிரஷர் தூளும் கருங்கல்லிலிருந்து வருவதால் அவற்றின் நுண்தூசியில் படிகச் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் பற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. காய்ந்த தளத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்குவதும், மூட்டை அவிழ்க்கும் இடத்தில் நல்ல முகக்கவசம் போடுவதும் பாதிக்கு மேல் காக்கும். துண்டை மூக்கில் கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது. ஈரச் சிமென்ட் காரத்தன்மை உடையது என்பதால் கையுறை இல்லாத கைகளில் தோல் வெடிக்கிறது. இவையெல்லாம் மெல்ல வரும் கேடுகள்.

உடனே வரும் கேடு இயந்திரத்தைச் சுத்தம் செய்யும்போது வருகிறது. அச்சில் ஒட்டிய கலவையைச் சுரண்டக் கை உள்ளே இருக்கையில் டேம்பர் இறங்கிவிடலாம். பேன் மிக்சருக்குள் இறங்கிச் சுரண்டுபவர் இருப்பது தெரியாமல் வேறொருவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உள்ளே இறங்குபவரே தன் பையில் வைத்துக்கொள்வது ஒன்றே நம்பத்தக்க பாதுகாப்பு. ஹைட்ராலிக் அழுத்தத்தையும் இறக்கிவிட வேண்டும். மின்சாரம் போன பின்னும் தூக்கி நிற்கும் அச்சு கீழே வரக்கூடும். ஒரு பூட்டும் சாவியும் வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை சிமென்ட் விலையோடு ஒப்பிடத் தக்கது. இதை ஒத்திப்போட எந்தப் பட்டறைக்கும் நியாயமில்லை.

சட்டத்தின் பார்வையில் ஆபரேட்டர் நிற்கும் இடம் தெளிவற்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் அதைத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பிளாக் பட்டறை இரண்டுக்குமே வெளியே நிற்கிறது. ஈ.எஸ்.ஐ.க்கு 10 பேரும் வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேரும் தேவை என்பதால் அந்தக் காப்பும் எட்டுவதில்லை. தமிழ்நாடு 1994-இல் அமைத்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், பதிவு செய்தவர்களுக்கு விபத்து நிதி, பிள்ளைகள் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை தருகிறது. கட்டடத்தில் கல் வைக்கும் கைகளுக்குக் கிடைக்கும் இந்த ஆதரவு, அந்தக் கல்லைச் செய்யும் கைகளுக்கும் ஐயமின்றிக் கிடைக்க வேண்டும். வெளிமாநிலத்தவரைத் தேடிப்போய்ப் பதிவு செய்வதும் அதன் பகுதியே.

தொழிலின் வருங்காலத்தைக் கணிக்க முதலில் கல்லின் வருங்காலத்தைப் பார்க்க வேண்டும். மண் செங்கல் பின்வாங்குவது பிளாக்குக்குச் சாதகம். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி இயங்கிய 180-க்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. வளமான மேல்மண்ணைக் காக்கும் நோக்கோடு மத்திய அரசு 1999 செப்டம்பரில் வெளியிட்ட சாம்பல் அறிவிக்கை, பின்வந்த திருத்தங்களோடு, அனல்மின் நிலையங்களைச் சுற்றிய பகுதிகளில் சாம்பல் கற்களின் பயன்பாட்டைக் கட்டாயமாக்கியது. மேட்டூரும் தூத்துக்குடியும் வடசென்னையும் உள்ளவரை மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. நிலக்கரி மின்சாரம் குறையும் காலத்தில் சாம்பல் கல் பட்டறைகள் வேறு வழி தேட வேண்டிவரும். குடிசைகளை மாற்ற 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. ஊராட்சித் தெருக்களில் பேவர் பிளாக் பதிப்பது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. சிறு நகரங்களின் இத்தகைய தேவைதான் இன்றைய பட்டறைகளைத் தாங்குகிறது.

மாநகரங்களில் நிலைமை வேறு. அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் இடம்பிடித்துவிட்டது, அதைச் செய்ய நீராவி அழுத்தக் கலன் கொண்ட பெரிய ஆலை வேண்டும், சாலையோரப் பட்டறையால் முடியாது. அலுமினிய அச்சுக்குள் சுவரையும் தளத்தையும் ஒன்றாக வார்க்கும் முறை, கல்லையே தேவையற்றதாக்குகிறது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கொண்ட கலங்கரை விளக்கத் திட்டக் குடியிருப்பு, முன்வார்ப்புத் தூண்களாலும் உத்தரங்களாலும் எழுந்து 2022 மே மாதம் திறக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்களில் கான்கிரீட் பிளாக்கின் பங்கு இனிக் கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு, மதில், கிடங்கு, தெரு, வடிகால் ஓரம் ஆகியவையே அதன் நிலையான களம்.

தானியங்கிமயம் ஆபரேட்டரை விழுங்கிவிடுமா என்பது அடுத்த கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரேயும் ஆஸ்போர்னும் 2013-இல் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு கணினிமயமாகும் அபாயத்தில் உள்ளன என்றார்கள். திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்யும் இயந்திர இயக்க வேலைகள் அத்தகைய பட்டியல்களில் மேலே வருவது இயல்பு. 2016-இல் ஆர்ன்ட்ஸ், கிரிகரி, சியரான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு தொழிலை முழுதாக எடுக்காமல் அதனுள் இருக்கும் தனித்தனிப் பணிகளைப் பிரித்துப் பார்த்தபோது, 21 நாடுகளின் சராசரி 9 விழுக்காடாகக் குறைந்தது. பிளாக் பட்டறைக்கு இரண்டாவது அணுகுமுறையே பொருந்துகிறது. பலகை தூக்குவதும் கல் அடுக்குவதும் முதலில் இயந்திரத்துக்குப் போகும். பெரிய ஆலைகளில் போயேவிட்டன. சுற்று நேரத்தைப் பி.எல்.சி. பார்த்துக்கொள்கிறது. மிக்சருக்குள் பொருத்தும் ஈரமானி தண்ணீரைத் தானே திருத்துகிறது. ஆனால் ஈரமானியை ஒவ்வொரு எம்-சாண்டுக்கும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும், தேய்ந்த அச்சை மாற்ற வேண்டும், கசியும் ஹைட்ராலிக் குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலைகள் மனிதரிடமே இருக்கின்றன. ஆக, ஆயிரம் கல்லுக்கு எத்தனை ஆள் என்ற கணக்கு குறைந்துகொண்டே போகும். எஞ்சும் ஆபரேட்டரிடம் எதிர்பார்க்கும் அறிவு கூடும். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை சிறு பட்டறைகள் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடும். அதனால் மாற்றம் மெதுவாக வரும் என்பதே சரியான கணிப்பு. மெதுவாக வருவது, பயிற்சிக்குக் கிடைக்கும் கால அவகாசம்.

மூலப்பொருள் மாற்றமும் அதே அவகாசத்துக்குள் நிகழ்கிறது. ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு, எம்-சாண்டோடு இடிபாட்டுக் கழிவிலிருந்து எடுத்த ஜல்லிக்கும் இடம் தந்தது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலைகள் இயங்குகின்றன. பழைய சாந்து ஒட்டிய அந்த ஜல்லி தண்ணீரை அதிகம் உறிஞ்சும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் கரியமில வாயுவைக் குறைக்கும் எல்.சி.3 சிமென்ட்டுக்கு 2023-இல் ஐ.எஸ். 18189 வந்தது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் அந்த ஆய்வில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. அதன் தண்ணீர்த் தேவையும் வழக்கமான சிமென்ட்டிலிருந்து மாறுபடும். புதுப் பொருள் ஒவ்வொன்றும், ஈரத்தைப் படிக்கத் தெரிந்த ஆபரேட்டரின் தேவையைப் புதுப்பிக்கிறது.

இத்தொழிலில் நிலைக்க விரும்பும் இளைஞருக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் படிப்பு நல்ல அடித்தளம். பட்டறைக்குள் ஹைட்ராலிக் பழுது, பி.எல்.சி. பிழைக்குறி வாசிப்பு, கல் சோதனைப் பதிவேடு மூன்றையும் கற்றவர் மேற்பார்வையாளராகவோ இயந்திர நிறுவனத்தின் சர்வீஸ் ஆளாகவோ உயர முடிகிறது. சிலர் சொந்தப் பட்டறை போடுகிறார்கள். வளைகுடா நாடுகளின் பெரிய பிளாக் ஆலைகளும் இந்தியாவிலிருந்து ஆபரேட்டர்களை எடுக்கின்றன. அங்கே ஐரோப்பியத் தானியங்கி இயந்திரங்கள் ஓடுவதால் எக் லேயர் அனுபவம் மட்டும் போதாது. போக விரும்புவோர் மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவரா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இதே பணிக்காகச் சென்னையில் இயங்கிவருகிறது. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் பிளாக் இயந்திர ஆபரேட்டர் என்று எழுதியிருக்கிறதா, கூலியாள் என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துக்கொள்வது அவசியம். அங்கே சம்பளமும் தங்குமிடமும் வேலை நேரமும் அந்த ஒரு வரியைப் பொறுத்தே அமைகின்றன.